கட்டியை மட்டும் எடுப்பதா, மார்பையே எடுப்பதா?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊர். வயது 46. ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது, கொழுந்து நானே பறிக்கிறேன். நம் தோட்டத்தில் வேலை இல்லாத நாளில் பக்கத்துத் தோட்டத்துக்குக் கூலிக்கும் போவேன். குளிக்கும்போது இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டது. வலி இல்லையே என்று ஒரு மாதம் விட்டுவிட்டேன். அப்புறம் கோயம்புத்தூரில் ஸ்கேன் எடுத்து, ஊசி போட்டுச் சதை எடுத்து டெஸ்ட் செய்ததில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. 1.8 செ.மீ., அக்குளில் நெறி கட்டவில்லை, ஹார்மோன் பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ் என்று எழுதியிருக்கிறது. ஆரம்ப நிலைதான் என்கிறார் சர்ஜன். கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கலாம், இல்லையென்றால் மார்பையே எடுத்துவிடலாம், இரண்டும் சரிதான், வீட்டில் பேசிவிட்டு வாருங்கள் என்றார். என் அண்ணன், ‘மிச்சம் வைத்தால் திரும்ப வரும், மொத்தமாக எடுத்துவிடு’ என்கிறார். வீட்டுக்காரர் ‘உன் இஷ்டம்’ என்கிறார். எது நல்லது? தை கடைசியில் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம், அது முடிந்தபிறகு ஆபரேஷன் செய்துகொள்ளலாமா? எங்கள் சித்தி ஒருவரும் வயிற்றில் கட்டி வந்துதான் போனார்.
பெயர் வேண்டாம், கோத்தகிரி.

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்கள் சர்ஜன் ‘இரண்டும் சரிதான்’ என்று சொன்னதைத் தட்டிக்கழிக்கிற பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். உங்களுடையதைப் போன்ற கட்டியில், கட்டியை மட்டும் எடுத்துக் கரண்ட் வைத்துக்கொண்டவர்களும், மார்பை முழுதாக எடுத்துக்கொண்டவர்களும் ஒரே அளவுதான் வாழ்கிறார்கள். உங்கள் அண்ணன் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதற்கு வருகிறேன். ஆனால் ‘எடுத்தால் உயிர் தப்பும், வைத்திருந்தால் போகும்’ என்ற கணக்கு தவறு.

அண்ணன் நினைப்பது போலத்தான் ஒரு காலத்தில் டாக்டர்களும் நினைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற சர்ஜன், மார்பு, அதற்கு அடியில் இருக்கும் தசை, அக்குள் நெறிகள் எல்லாவற்றையும் சேர்த்து வழித்தெடுக்கிற ஆபரேஷனைக் கொண்டுவந்தார். ஏறக்குறைய 80 வருடம் உலகம் முழுக்கப் பெரும்பாலும் அதுதான் நடந்தது. நெஞ்செலும்பு தெரிய, கை வீங்கிப்போய், எத்தனையோ பெண்கள் அப்படியே வாழ்ந்து முடித்தார்கள். 1970களில் இரண்டு பேர் அதை ஆய்வு நடத்திச் சோதித்துப் பார்த்தார்கள். இத்தாலியில் மிலான் நகரத்து உம்பெர்த்தோ வெரோனேசி ஒருவர், அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் மற்றொருவர். வெரோனேசி 701 பெண்களைச் சேர்த்தார். எல்லோருக்கும் கட்டி 2 செ.மீ.க்குள், அதாவது உங்கள் கட்டியின் அளவு. யாருக்கு எந்த ஆபரேஷன் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோலப் பிரித்தார்கள். 20 வருடம் பின்தொடர்ந்து, 2002இல் முடிவை வெளியிட்டார்கள். இறந்தவர்களின் விகிதத்தில் இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லை. 1,851 பெண்களை வைத்து ஃபிஷர் செய்த ஆய்வின் 20 வருட முடிவும் அதே வருடம் வந்தது, அதுவும் இதையேதான் சொன்னது.

ஏன் அப்படி? மார்பில் இருக்கிற கட்டி மார்பிலேயே இருக்கும்வரை ஆளைக் கொல்லாது. எலும்புக்கோ நுரையீரலுக்கோ ஈரலுக்கோ போய் உட்காருகிற செல்கள்தான் கொல்கின்றன. அப்படி ஏதாவது ஏற்கெனவே போயிருந்தால், மார்பை மொத்தமாக எடுத்தாலும் அது அங்கேதான் இருக்கும். அதைத் தடுப்பது மாத்திரையும் கீமோவும், கத்தி இல்லை. உங்களுக்கு ஹார்மோன் பாசிட்டிவ், அதாவது ஹார்மோனால் வளர்கிற வகை என்பதால், எந்த ஆபரேஷன் செய்தாலும் குறைந்தது 5 வருடம் மாத்திரை உண்டு. கீமோ வேண்டுமா என்பதையும் கட்டியின் குணம்தான் முடிவு செய்யும். மார்பை எடுத்துவிட்டால் கீமோவிலிருந்து தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஊசி குத்திச் சதை எடுத்ததால் நோய் பரவிவிடும் என்று அக்கம்பக்கத்தில் சொல்வதையும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இனி அண்ணன் சொன்ன விஷயம். திரும்ப வருவது உண்மைதான். மிலான் ஆய்வில் கட்டியை மட்டும் எடுத்தவர்களில் 20 வருடத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 9 பேருக்கு அதே மார்பில் திரும்ப வந்தது. முழுதாக எடுத்தவர்களில் நூற்றுக்கு 2 பேருக்கு, தையல் போட்ட இடத்தில் வந்தது. இன்றைய மாத்திரைகளாலும் கரண்ட் மிஷின்களாலும் அந்த 9 இன்னும் குறைந்திருக்கிறது. வந்தாலும் வருடா வருடம் மேமோகிராம் (மார்பு எக்ஸ்ரே) எடுப்பவர்களுக்குச் சீக்கிரம் தெரிந்துவிடும், அப்போது மார்பை எடுக்கலாம். ஆனால் முழுதாக எடுத்தாலும் ‘இனி வரவே வராது’ என்ற உத்தரவாதம் இல்லை என்பதை அண்ணனிடம் சொல்லுங்கள். சுவீடனில் ஏறக்குறைய 49,000 பெண்களின் விவரங்களைப் பார்த்து 2021இல் வந்த ஓர் ஆய்வு, மார்பை வைத்துக்கொண்டவர்கள்தான் இன்னும் நன்றாக இருக்கிறார்கள் என்றுகூடச் சொல்கிறது. அதில் சீட்டுக் குலுக்கல் கிடையாது, ஆகவே அதைக் காட்டி நான் யாரையும் எந்தப் பக்கமும் தள்ளுவதில்லை.

சரி, உயிருக்கு இரண்டும் ஒன்று என்றால் எதை வைத்து முடிவெடுப்பது? மலையில் இருக்கிற உங்களுக்கு நான் முதலில் கேட்கிற கேள்வி, கரண்ட் வைக்கக் கீழே தங்க முடியுமா என்பதுதான். கட்டியை மட்டும் எடுப்பது பாதி வைத்தியம், மிச்சப் பாதி கரண்ட். ஃபிஷரின் ஆய்வில் கட்டியை எடுத்துவிட்டுக் கரண்ட் வைக்காமல் விட்டவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு அதே மார்பில் திரும்ப வந்தது. கரண்ட் வைத்தவர்களில் 14 பேருக்குத்தான் வந்தது. வயதானவர்கள் சிலருக்கு, சின்னக் கட்டியாக இருந்தால் கரண்ட் இல்லாமலே விடுவதுண்டு. 46 வயதில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

முன்பெல்லாம் 5 வாரம், 25 தடவை. இப்போது பெரும்பாலும் 15 அல்லது 16 தடவை, 3 வாரத்தில் முடிந்துவிடும். சனி, ஞாயிறு கிடையாது. 5 தடவையில், ஒரே வாரத்தில் முடிக்கிற முறையும், இங்கிலாந்தில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2020இல் வெளிவந்த பிறகு வந்திருக்கிறது. அது உங்களுக்குப் பொருந்துமா, அந்த ஆஸ்பத்திரியில் வைக்கிறார்களா என்று கண்டிப்பாகக் கேளுங்கள். மலைக்காரர்களுக்கு அது பெரிய வித்தியாசம். மிஷினில் படுத்திருப்பது சில நிமிடம்தான், வலிக்காது. கஷ்டமே அந்தச் சில நிமிடத்துக்காகத் தினமும் கோயம்புத்தூருக்குப் போய்வருவதுதான். மேட்டுப்பாளையம் வரை வளைவுகளில் இறங்கி, அங்கிருந்து நெரிசலில் போய், காத்திருந்து, மறுபடி ஏறி வீடு வந்து, மறுநாளும் அதே. முதல் வாரம் முடியும். மூன்றாவது வாரத்தில் உடம்பு அசந்துபோகும். ஐப்பசி கார்த்திகை மழையில் கோத்தகிரி ரோடு என்ன ஆகும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, 2009 நவம்பர் மண்சரிவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆரம்பித்த கரண்டை நடுவில் நிறுத்தவும் கூடாது.

அதனால் போய்வருவது என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, அந்த 3 வாரமும் கீழேயே தங்குவது என்று வையுங்கள். மேட்டுப்பாளையத்திலோ கோயம்புத்தூரிலோ சொந்தக்காரர் வீடு இருக்கிறதா? இல்லையென்றால், வெளியூர் நோயாளிகள் குறைந்த வாடகைக்குத் தங்க எங்கே இடம் இருக்கிறது என்று ஆஸ்பத்திரியிலேயே சமூகப் பணியாளரைக் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆபரேஷனுக்கும் கரண்டுக்கும் அதில் செய்துகொள்ளலாம். ஆனால் ஆபரேஷன் செய்கிற இடத்தில் கரண்ட் மிஷின் இல்லாமல் போகலாம். அப்படியானால் இரண்டாவது ஆஸ்பத்திரியும் திட்டத்தில் இருக்கிறதா என்று ஆபரேஷனுக்கு முன்பே விசாரியுங்கள். கட்டியை எடுத்துத் தையல் ஆறியதும் ‘நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று கரண்டுக்குப் போகாமல் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அப்படி விட நேரும் என்று உங்களுக்கு உள்ளூரத் தோன்றினால், மார்பை எடுத்துக்கொள்வதே உங்களுக்கு நல்லது. அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். ‘மார்பை எடுத்துவிட்டால் கரண்டே வேண்டாம்’ என்பதும் முழு உண்மை இல்லை. அக்குள் நெறியில் நோய் இருப்பது ஆபரேஷனில் தெரியவந்தால், மார்பை எடுத்த பிறகும் கரண்ட் வைக்க வேண்டி வரலாம். உங்களுக்கு நெறி கட்டவில்லை என்று ஸ்கேன் சொல்வதால் அதற்கு வாய்ப்பு குறைவு, அவ்வளவுதான். இடது பக்கம் என்பதால் இதயத்துக்கு ஏதாவது ஆகுமோ என்றும் பயம் வரும். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு கரண்ட் வைக்கிற முறை இருக்கிறது. அப்போது நுரையீரல் விரிந்து, இதயம் கதிர் போகும் வழியிலிருந்து விலகிக்கொள்ளும். அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்தவை இரண்டு. ஒன்று, ஸ்கேன் எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள், மேமோகிராம் பற்றி ஒரு வரி இல்லை. ஸ்கேனில் தெரியாத சுண்ணாம்புப் பொடி போன்ற துகள்கள் மேமோகிராமில் தெரியும். அவை மார்பில் ஒரு பெரிய பகுதி முழுக்கப் பரவியிருந்தாலோ, வேறு மூலையில் இன்னொரு கட்டி இருந்தாலோ, கட்டியை மட்டும் எடுப்பது பெரும்பாலும் சரிப்படாது, மார்பைத்தான் எடுக்க வேண்டி வரும். ஆகவே இரண்டு மார்புக்கும் மேமோகிராம் எடுக்காமல் முடிவு செய்ய வேண்டாம். எடுத்துவிட்டு, எழுத மறந்திருந்தால் நல்லது.

இரண்டாவது, கடைசி வரியில் போகிற போக்கில் எழுதிய சித்தி. அவர் உங்கள் அம்மாவின் தங்கையா, சித்தப்பாவின் மனைவியா? சித்தப்பாவின் மனைவி என்றால் உங்களுக்கு ரத்த சம்பந்தம் இல்லை, விட்டுவிடலாம். அம்மாவின் தங்கை என்றால், ‘வயிற்றில் கட்டி’ எங்கே இருந்தது என்று தெரிய வேண்டும். நம் வீடுகளில் இரைப்பை, கர்ப்பப்பை, சினைப்பை எல்லாமே ‘வயிற்றில் கட்டி’தான். சினைப்பைப் புற்றுநோயாக இருந்தால் விஷயம் வேறு. மார்பிலும் சினைப்பையிலும் புற்றுநோய் வர வைக்கிற பிராக்கா என்ற மரபணுக் கோளாறு சில குடும்பங்களில் இறங்கி வருகிறது. அது இருக்கிற பெண்களில் நூற்றுக்கு 70 பேர் வரை 80 வயதுக்குள் மார்புப் புற்றுநோயைச் சந்திக்கிறார்கள். அவர்களிடம் இரண்டு மார்பையும் எடுப்பது பற்றியும், சினைப்பையை எடுப்பது பற்றியும் பேசுவோம். அது இல்லாதவர்களுக்கு நல்லா இருக்கிற மார்பை எடுப்பதில் ஆயுள் கூடுவதில்லை. அப்பா வழியிலும் இது வரும், அத்தைகளையும் விசாரியுங்கள்.

சித்தியின் பழைய ஃபைல் வீட்டில் எங்காவது கிடக்கும், அவர் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டாலும், 50 வயதுக்குள் மார்புப் புற்றுநோய் வந்த உங்களுக்கு அந்த ரத்தப் பரிசோதனையை எடுத்துப் பார்ப்பது நியாயம்தான். முடிவு வரச் சில வாரம் ஆகும். அதற்காக ஆபரேஷனை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. கட்டியை எடுத்துவிட்டு, கோளாறு இருக்கிறது என்று பிறகு தெரிந்தால் மார்பை அப்போது எடுக்கலாம். முதலில் மார்பை எடுத்துவிட்டால் திருப்பி வைக்க முடியாது. மகளுக்கும் இதில் பங்கு இருக்கிறது, உங்கள் முடிவு பாசிட்டிவ் என்றால் அவளும் பார்த்துக்கொள்ள வேண்டி வரும். கல்யாண நேரத்தில் இதை எப்படிச் சொல்வது என்பது உங்களுக்குத்தான் தெரியும். மாப்பிள்ளை வீட்டுக்கு இப்போதே சொல்லியாக வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு எப்படி இருக்கும் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்கக் கூச்சமாக இருந்திருக்கும். கட்டியை மட்டும் எடுத்தால் காம்பு அப்படியே இருக்கும், ஒரு சின்னத் தழும்பு, கொஞ்சம் பள்ளம். கரண்ட் வைக்கும்போது தோல் வெயில் பட்டதுபோல் கறுக்கும், பிறகு தெளியும். மார்பு கொஞ்சம் இறுகி, மற்றப் பக்கத்தைவிடச் சற்றுச் சிறுத்துவிடலாம். இதில் ஒரு சங்கடம் உண்டு. எடுத்த சதையின் வெளிப்பக்கம் முழுக்க மை பூசி, நறுக்கி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். மை பட்ட விளிம்பில் புற்றுநோய் செல் ஒட்டியிருக்கவில்லை என்றால் முழுதாக எடுத்தாகிவிட்டது. ஒட்டியிருந்தால் இன்னொரு முறை தியேட்டருக்குப் போக வேண்டும். ஐந்தில் ஒருவருக்கு இப்படி நேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யாருடைய தவறும் இல்லை, கையால் தொட்டுப் பார்த்து அந்த விளிம்பைக் கண்டுபிடிக்க முடியாது.

மார்பை எடுத்தால் நெஞ்சு தட்டையாகிவிடும், ஒன்றிரண்டு வாரம் நீர் வடிய டியூப் இருக்கும். தோல் அந்த இடத்தில் மரத்துப்போகும், பெரும்பாலும் அந்த மரமரப்பு போகாது. வயிற்றுச் சதையையோ முதுகுச் சதையையோ வைத்து, அல்லது சிலிக்கான் வைத்து, மார்பைத் திரும்ப அமைக்கலாம். உடனேயும் செய்யலாம், வருடம் கழித்தும் செய்யலாம். வேண்டாம் என்றால் ரவிக்கைக்குள் வைத்துக்கொள்கிற சிலிக்கான் மார்பு கிடைக்கிறது, நூலில் பின்னியதும் கிடைக்கிறது.

சில பெண்கள், ‘டாக்டர், அது இருக்கும்வரை ஒவ்வொரு மேமோகிராமுக்கும் நடுங்கிக்கொண்டே இருப்பேன், எடுத்துவிடுங்கள்’ என்பார்கள். அது நல்ல காரணம்தான், நான் மறுத்துப் பேசுவதில்லை. அண்ணனின் பயத்துக்காக எடுப்பது வேறு, உங்கள் நிம்மதிக்காக எடுப்பது வேறு. வீட்டுக்காரர் ‘உன் இஷ்டம்’ என்பதை அக்கறையில்லாத பேச்சு என்று உடனே எடுத்துக்கொள்ளாதீர்கள், பல ஆண்களுக்கு இந்த விஷயத்தில் வாய் எழாது. அடுத்த முறை சர்ஜனிடம் போகும்போது அவரையும் உள்ளே அழைத்துப் போங்கள், வெளியே பெஞ்சில் உட்கார வைக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், மேமோகிராம் சுத்தமாக இருந்து, 3 வாரம் கீழே தங்க வழியும் இருந்தால் கட்டியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். சின்ன ஆபரேஷன், சீக்கிரம் எழுந்துவிடுவீர்கள்.

கல்யாணம் முடியட்டும் என்று தள்ள வேண்டாம். யோசிக்க ஒன்றிரண்டு வாரம் எடுத்துக்கொள்வதில் ஆபத்தில்லை, மூன்று மாதம் அப்படி இல்லை. உங்கள் கடிதம் ஐப்பசியில் வந்திருக்கிறது. கார்த்திகை பிறப்பதற்குள் ஆபரேஷனை முடித்துக்கொண்டால், கரண்ட் வழக்கமாக நாலிலிருந்து ஆறு வாரம் கழித்து, அதாவது மார்கழியில் வரும். மழையும் அப்போது பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். பொங்கலை ஒட்டிக் கரண்டையும் முடித்துக்கொண்டு கல்யாண வேலையைப் பார்க்கலாம். கீமோ தேவை என்று வந்தால் இந்தக் கணக்கு மாறும், கரண்ட் அதற்குப் பிறகு போகும். அப்போது முகூர்த்த தேதியைக் கீமோ டாக்டரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், இரண்டு கீமோவுக்கு நடுவில் உடம்பு தெளிந்திருக்கிற வாரத்தில் அது விழும்படி அவர்களால் பார்த்துக்கொடுக்க முடியும்.

கொழுந்து பறிக்கிற உங்களுக்கு மார்பைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது, யாரும் உங்களிடம் பேசியதாகத் தெரியவில்லை. அக்குளில் என்ன செய்யப் போகிறார்கள்? எந்த ஆபரேஷன் செய்தாலும் அக்குள் நெறியைப் பார்த்தாக வேண்டும். நெறிகளை மொத்தமாக வழித்தெடுத்தால் ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்குகிறது, அந்த வீக்கம் வந்தால் முழுதாகப் போவது கடினம். அதற்குப் பதில், மார்பில் நீல மருந்தோ லேசான கதிரியக்க மருந்தோ போட்டு, அது முதலில் போய்ச் சேர்கிற ஒன்றிரண்டு நெறியை மட்டும் எடுத்துப் பார்க்கிற முறை இருக்கிறது. ‘சென்டினல் நோட்’ என்பார்கள். அதில் கை வீங்குவது நூற்றுக்கு 5, 6 பேருக்குத்தான். நெறி கட்டாத உங்களுக்கு இதுதான் சரியானது. இதைச் செய்வீர்களா என்று சர்ஜனை வாய்விட்டுக் கேளுங்கள், இந்த வசதி அங்கே இல்லை என்றால் இருக்கிற இடத்துக்குப் போவதைப் பற்றி யோசியுங்கள். நீல மருந்து போட்ட மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போகும், பயப்படாதீர்கள்.

ஆபரேஷன் முடிந்த மறுநாளிலிருந்தே பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுக்கிறபடி கையை அசைக்க வேண்டும், சுவரில் விரலால் ஏறிப் பழக வேண்டும். வலிக்கிறது என்று மடக்கியே வைத்திருந்தால் தோள் பிடித்துக்கொள்ளும். எடை தூக்கவே கூடாது என்று முன்பு சொல்வார்கள், இப்போது அப்படி இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகச் சுமையைக் கூட்டிக்கொண்டு போனால் கைக்கு நல்லதுதான். செடிக்கு நடுவே கை போகும்போது கீறல் படாமல் கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். மோதிரமோ வளையலோ இடது கையில் திடீரென்று இறுகினால், கை கனத்தால், காய்ச்சலோடு கை சிவந்தால், அன்றே டாக்டரைப் பாருங்கள். பறித்த கொழுந்து மூட்டையைத் தலையிலும் முதுகிலும் சுமந்து எடை போடும் இடத்துக்குக் கொண்டுபோவதை முதல் மூன்று மாதம் வீட்டுக்காரரிடம் விட்டுவிடுங்கள்.